கறுத்த தோலுக்குக் காப்புறுதி எழுதிக் கொடுத்தவர் யார்?

“வெய்யில் வெள்ளைக்காரனைச் சுடும், எம்மைச் சுடாது. தோற் புற்றுநோய் அவனுக்குரியது, எமக்குரியதன்று.” இவ்வாறான ஒரு வாசகம் எம்மிடையே நெடுங்காலமாக உலவி வருகின்றது. தம்பலகாமத்து வயலிலே வரம்பு கட்டும் கமக்காரரும் இதனைச் சொல்கின்றார். திருகோணமலை நகரத்துக் காரியாலயத்திலே கோப்புப் புரட்டும் உத்தியோகத்தரும் இதனைச் சொல்கின்றார். கல்லாதவர் சொல்வதைக் கற்றவரும் சொல்லும்பொழுது, அது சட்டத்தினும் வலிய சட்டமாகி விடுகின்றது.

முழுப்பொய்யை முறியடிப்பது எளிது. பாதி உண்மையை முறியடிப்பதே அரிது. நீதிமன்றத்திலே பொய்ச்சாட்சி குறுக்கு விசாரணையில் விழுந்து விடுவான். ஒன்று பாதி உண்மை பேசும் சாட்சியோ கடைசிவரை நிமிர்ந்து நிற்பான். நாம் மேலே காட்டிய வாசகமும் அத்தகைய சாட்சியே. அதனை இன்று கூண்டிலேற்றி விசாரிப்போம்.

உண்மைப் பாதி

முதலில் அதன் உண்மைப் பாதியை ஒப்புக்கொள்வோம். எமது தோலிலே இயற்கை இட்டு வைத்த கருநிறப் பொருள், சூரியனிடமிருந்து வரும் புறஊதாக் கதிரைத் தடுத்து நிறுத்தும் குடையாகும். இக்குடை மெல்லியதாய் உள்ள ஐரோப்பியருக்கு அக்கதிர் தோலின் உள்ளே சென்று கலங்களைக் கெடுக்கின்றது. ஆகவேதான் ஐரோப்பிய வழிவந்தோர் குடியேறிய அவுஸ்திரேலியாவிலே தோற் புற்றுநோய் மலிந்தது. 1981-ஆம் ஆண்டிலே அந்நாட்டினர் “சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு” என்னும் பொருள்பட ஒரு பெரும் பிரசாரத்தைத் தொடங்கினர். தொப்பியில்லாத பிள்ளைக்கு வெளியிலே விளையாட்டும் இல்லை என்பது அங்குள்ள பள்ளிகள் பலவற்றின் விதி. எமது தோலுக்கு அவர்களுடைய தோலைவிடக் காப்பு மிகுதி என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆனால் குடை இருக்கின்றது என்பதனால் மழையே இல்லை என்றாகிவிடுமா? சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஆவணி நடுப்பகுதியிலும், எமது திருகோணமலையில் நண்பகற் சூரியன் தலைக்கு நேர்மேலே நிற்கின்றான். அவ்வேளை நிலாவெளி உப்பளத்திலே வேலை செய்வோருக்கு வானத்திலிருந்து ஒரு வெய்யில், உப்பிலிருந்து தெறிக்கும் மற்றொரு வெய்யில். கடலிலே வள்ளத்தில் இருப்போருக்கும் அதே கதி. சூரியக் கதிர் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1992-இலேயே முடிவாக அறிவித்தது. மூக்கிலும் கன்னத்திலும் கண்ணிமையோரத்திலும் கீழுதட்டிலும் முதுமையில் தோன்றும் புற்று எம்மவரையும் விட்டு வைக்கவில்லை. வெள்ளையரிடம் செம்மையாகத் தோன்றும் கட்டி எம்மிடம் கருமையாகத் தோன்றுவதால், மறு என்று எண்ணி விட்டுவிடுகின்றோம். அதே கதிர் கண்ணிலே புரை விழுவதற்கும் ஒரு காரணம்; கருந்தோல் கண்ணுக்குக் குடை பிடிப்பதில்லை.

பொய்ப் பாதி

இனி அந்த வாசகத்தின் பொய்ப் பாதிக்கு வருவோம். தோற் புற்றுநோய் அனைத்தும் வெய்யிலால் வருவன அல்ல. எம்மவரைக் கொல்லும் தோற் புற்றுநோய் பெரும்பாலும் வெய்யில் படாத இடத்திலேயே ஒளிந்திருக்கின்றது. வெய்யிலைத் தடுக்கும் குடை அங்கே எதற்கு உதவும்?

உள்ளங்காலை எடுத்துக்கொள்வோம். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில் கரும்புற்று ஒன்று தோன்றுகின்றது. இது நிறம் பார்ப்பதில்லை. வெள்ளையர், கறுப்பர், எம்மவர் எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் வருவது. வெள்ளையரிடம் வேறு கரும்புற்றுகள் மலிந்திருப்பதால் அவர்களிடையே இது சிறுபான்மை; எம்மிடையே கரும்புற்று என்றால் பெரும்பாலும் இதுவே. உலகப் புகழ் பெற்ற யமேக்காப் பாடகர் பொப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தின் கீழே 1977-இல் கண்டறியப்பட்டது இவ்வகைப் புற்றே. 1981 மே மாதத்திலே, 36-ஆவது வயதில், அவர் மறைந்தார். அவருடைய கறுத்த தோல் அவருக்கு எந்தக் காப்புறுதியும் தரவில்லை.

எமது கமக்காரர் சேற்றிலும் மணலிலும் வெறுங்காலுடன் நடப்பவர். உள்ளங்காலிலே ஒரு கரும்படை தோன்றினால் அவர் என்ன சொல்வார்? “முள்ளுக் குத்தின தழும்பு” என்பார்; “கால் ஆணி” என்பார்; சவர அலகால் சீவியும் பார்ப்பார். நகத்திலே கருங்கோடு விழுந்தால் “மண்வெட்டி பட்டது” என்பார். மாதங்கள் கழியும். முதலில் அப்படை தோலின் மேற்பரப்பிலே படர்ந்திருக்கும். பின்பு கீழ்நோக்கி வேரோடும். இந்நோயிலே உயிருக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரத்தை மில்லிமீற்றரிலேயே அளக்கின்றார்கள். ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்குள் வெட்டி எடுக்கப்பட்டவருள் மிகப் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். ஆழம் கூடக்கூட நம்பிக்கை குறைகின்றது. ஓர் அரிசிமணியின் தடிப்புக் கூட இல்லாத அந்த இடைவெளியிலே ஒரு குடும்பத்தின் வாழ்வு நிற்கின்றது!

அடுத்து இடுப்பு. பம்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையின் நோயியல் அறிஞர் கானோல்கர் 1945-இலே ஒரு கட்டுரை வெளியிட்டார். வேட்டியை இடுப்பிலே நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி வந்தோருக்கு அவ்விடத்தில் தோல் தடித்து, நிறம் மாறி, புண்ணாகி, புற்றாக முடிந்ததை அதிலே காட்டினார். மருத்துவ நூல்கள் இதனை வேட்டிப் புற்று என்றே அழைக்கின்றன. பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2024-இலும் மகாராட்டிரத்தையும் பீகாரையும் சேர்ந்த வைத்தியர்கள் சேலையின் உட்பாவாடை நாடா இறுகிய இடத்திலே புற்றுக் கண்ட முதிய பெண்கள் இருவரைப் பற்றி எழுதினர். அவருள் ஒருவர் 70 வயதினர். 18 மாதம் ஆறாத புண்ணோடு இருந்தவர். இத்தகைய நோயாளர் மிகச் சிலரே. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் வேட்டியும் சாறமும் சேலையும் உடுப்பவர் நாமே அன்றோ? எமது உடுப்பின் பெயரால் ஒரு நோய் உலக நூல்களில் இருக்க, அதனை நாம் அறியாதிருப்பது எவ்வளவு வெட்கம்!

மூன்றாவது, பழைய தழும்பும் ஆறாத புண்ணும். பிரெஞ்சு அறிஞர் மார்ஜொலின் 1828-இலே எழுதிய ஆறாப் புண்கள் இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. எரிகாயத்தின் தழும்பிலே, ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் புற்றுத் தோன்றலாம். காசுமீரத்திலே குளிருக்காகத் தணற்சட்டியை அங்கியின் கீழே அணைத்து வைத்திருப்போருக்கு வயிற்றிலும் தொடையிலும் புற்று வருவதை வைத்தியர் எல்ம்ஸ்லி 1866-இலேயே எழுதினார். எமது நாட்டிலே தணற்சட்டி இல்லை. குப்பி விளக்கு இருந்தது. மண்ணெண்ணெய்க் குப்பி கவிழ்ந்து வெந்தவர் எத்தனை பேர்! அவ்விபத்தைத் தடுக்கவே வைத்தியர் விஜய கொடகும்புர கவிழாத, உடையாத ஒரு விளக்கை ஆக்கினார். 1998-இலே அதற்காக ரோலக்ஸ் விருது பெற்றார். அன்று வெந்து பிழைத்த பிள்ளைகள் இன்று நடுவயதினர். அவர்களுடைய தழும்பை இன்று பார்ப்பவர் யார்?

இன்னொரு தழும்பும் எமக்கு உண்டு. 2009-இலே முடிவுற்ற போர் எமது மாவட்டத்திலும் உடல்கள் பலவற்றிலே தன் கையொப்பத்தை இட்டுச் சென்றது. எறிகணைச் சிதறல் புதைந்த தொடை, வெந்த முதுகு, பொய்க்கால் உரசும் வெட்டுமுனை ஆகியவையெல்லாம் ஆண்டுதோறும் பார்க்கப்பட வேண்டிய இடங்கள். போரிலே பட்ட புண் வேறு, அதன்பின் வரும் புற்று வேறு என்று கணக்கை முடித்துவிட முடியாது. இந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருக்கின்றது.

தாமதத்தின் பிறப்பிடம்

எம்மவர் இந்நோயால் இறப்பது, அது எம்மிடையே மலிந்திருப்பதனால் அன்று, பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதனால். பிந்துவதற்குக் காரணம் நோயாளியின் அறியாமை மட்டுமா? அவருக்கு அறிவித்தவர் யார் என்று கேட்கின்றோம்.

மருத்துவப் பாடநூல்களைத் திறந்து பாருங்கள். தோல்நோய்ப் படங்களில் மிகப் பெரும்பாலானவை வெண்தோலின் படங்களே. அதனைப் படித்து வரும் வைத்தியருக்கே எமது தோலிலே நோய் எப்படித் தோன்றும் என்பது அனுபவத்தால் வரவேண்டியிருக்கின்றது என்றால், பாமரரின் நிலை யாது? அரசியலமைப்பின் 1988-ஆம் ஆண்டுத் திருத்தம், வடக்குக் கிழக்கிலே நிருவாக மொழி தமிழ் என்று சொல்கின்றது. நிருவாகம் என்பது பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் மட்டும்தானா? கமக்காரர் ஒருவர் தம் உடலில் வெட்டி எடுக்கப்பட்ட தசையின் பரிசோதனை அறிக்கையை ஆங்கிலத்திலே பெற்று, அதனை வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைவது எந்த அரசியலமைப்பிலே எழுதப்பட்டிருக்கின்றது? தமிழுக்கு உரிமை கேட்டு மேடையேறும் தலைவர்கள், “ஆறாத புண்ணைக் காட்டுங்கள்” என்று தமிழிலே எழுதிய ஒரு பலகையை ஒவ்வொரு மருந்தகத்திலும் தொங்கவிடக் கேட்டதுண்டா?

1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி சுகாதாரம் பெரிதும் மாகாணத்துக்குரிய விடயம். எமது மாகாண சபையின் தலைநகரும் திருகோணமலையே. ஆனால் அச்சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிவுற்றது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி இல்லாத வீட்டிலே, ஆறாத புண்ணைப் பற்றிக் கேட்பவர் யார்?

அரசாங்கம் செய்யத் தவறியதை மக்கள் செய்து காட்டியதும் உண்டு. 2011-இலே தெய்வேந்திர முனையையும் பருத்தித்துறையையும் இணைத்துச் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கால்நடையாக நடந்து நிதி திரட்டினர்; தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்ததற்கு அந்நடை துணையாயிற்று. அதனை வணங்குகின்றோம். ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. முந்திக் கண்டால் மாவட்ட வைத்தியசாலைச் சத்திர வைத்தியரின் ஒரு கத்தி போதும். பிந்திக் கண்டால் மட்டக்களப்புக்கும், 250 கிலோமீற்றருக்கு அப்பால் மகரகமைக்கும் மாதக்கணக்கில் அலைய வேண்டும். ஏழைக்குத் தூரமும் ஒரு நோயே.

சட்டத்தின் கூரையும் வெட்டவெளியும்

தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகம் முதன்முதலிலே கண்டது தோலிலேதான். 1775-இலே இலண்டன் சத்திர வைத்தியர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரின் விதைப்பையிலே வரும் புற்றுக்குக் கரிப்புகையே காரணம் என்று எழுதினார். 1788-இலே சட்டம் வந்தது, எவரும் மதிக்கவில்லை. 1834, 1840, 1864 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் சட்டம் வந்தது. அவையும் ஏட்டிலே உறங்கின. 1875-இலே ஒரு சிறுவன் புகைபோக்கியுள் அகப்பட்டு மாண்ட பின்னரே பொலிசாரின் கண்காணிப்போடு கூடிய சட்டம் பிறந்தது. வைத்தியர் கண்டது ஒரு நாளில். சட்டம் கண் விழித்தது சரியாக நூறு ஆண்டில்! அந்நூறு ஆண்டிலே வெந்த சிறுவர்களுக்கு யார் நட்டஈடு கொடுத்தார்?

எமது நாட்டின் கதை என்ன? தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934-இலே வந்தது. தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942-இலே வந்தது. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954-இலே வந்தது. துறைமுகமும் கட்டட வேலையும் தொழிற்சாலைச் சட்டத்தின் சில விதிகளுள் வந்தபோதிலும், இச்சட்டங்கள் பெரும்பாலும் கூரையின் கீழே, முதலாளி ஒருவரின் கீழே வேலை செய்வோருக்காக எழுந்தவை. வயலுக்குக் கூரை இல்லை. கடலுக்கு முதலாளி இல்லை. எனவே கமக்காரரும் மீனவரும் சட்டத்தின் நிழலுக்கும் வெளியே, மரத்தின் நிழலுக்கும் வெளியே நிற்கின்றனர்.

இது இயலாத காரியமா? ஜேர்மனியிலே 2015 தொடக்கம், வெட்டவெளியில் நெடுங்காலம் வேலை செய்தவருக்கு வெய்யிலால் வரும் குறித்த தோற் புற்று, தொழில்நோயாகச் சட்டப்படி ஏற்கப்படுகின்றது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் தாபனமும் 2023-இலே கூட்டாக ஒரு கணக்கை வெளியிட்டன. கரும்புற்று அல்லாத தோற் புற்றுநோயால் நேரும் சாவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வெய்யிலிலே வேலை செய்ததால் நேர்வது. 2019-இலே மட்டும் அவ்வாறு மாண்டோர் ஏறத்தாழ 19,000 பேர் என்பது அக்கணக்கு. வெய்யில் மெலிந்த ஜேர்மனியிலே தொழிலாளிக்குச் சட்டம் உண்டு. வெய்யில் உச்சியில் நிற்கும் எமது நாட்டிலே அது ஏன் இல்லை?

கருமையை விற்று வெண்மை வாங்குவோர்

நிற்க, எம்மவர் செய்யும் ஒரு கொடுமையையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. இயற்கை இலவசமாகத் தந்த குடையைக் காசு கொடுத்துக் கிழிப்பவர் எம்முள் எத்தனை பேர்! வெண்மையாக்கும் களிம்பு 1975-இலே இந்தியச் சந்தைக்கு வந்தது. பின் 2020-இலே உலகெங்கும் எழுந்த கண்டனத்தால் அதன் பெயரை மாற்றினர், ஆசையை மாற்றவில்லை. பெயரில்லாத மலிவுக் களிம்புகள் சிலவற்றிலே பாதரசம் இருக்கின்றது. அது கருநிறத்தை அடக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையிலே இலங்கையும் கையொப்பமிட்ட நாடு. கையொப்பம் இட்ட கை, கடைத் தட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டாமா? மணமகள் தேவை விளம்பரத்திலே “வெள்ளை நிறம்” என்று எழுதும் எமது கற்றோர், கறுத்த தோலைக் காப்பது பற்றிப் பேச எந்த முகத்தோடு வருவர்?

அதே சமயம், உண்மையிலே காப்பற்று நிற்கும் பிள்ளைகளை நாம் காண்பதில்லை. பிறவியிலேயே தோலிலும் மயிரிலும் கண்ணிலும் கருநிறம் அற்ற பிள்ளைகள் எமது ஊர்களில் இருக்கின்றனர். அவர்களுக்கு வெய்யில் நேர்ப் பகை. இளவயதிலேயே புற்று வரக்கூடும். மற்றப் பிள்ளைகளோடு அவர்களையும் வெய்யிலிலே வரிசையாக நிறுத்தி, கையிலே கொடியைக் கொடுத்து, அமைச்சரின் வாகனம் வரும்வரை காக்க வைப்பது எந்த நாகரிகம்? கட்சி எதுவாயினும், எமது கட்சியாயினும், அவ்வழக்கம் ஒழியவேண்டும்.

எதிர்வாதத்துக்கு விடை

“வாய்ப்புற்று இருக்கின்றது, நீரிழிவு இருக்கின்றது, டெங்கு இருக்கின்றது, அவற்றை விட்டு இதற்கு ஏன் இவ்வளவு ஆரவாரம்?” என்று சிலர் கேட்பர். வெற்றிலையும் புகையிலையும் தரும் வாய்ப்புற்று எமது நாட்டு ஆண்களிடையே முதலிடம் பெற்றது என்பதை மறுப்பாரில்லை. அதற்குச் செய்வதைக் குறைக்கும்படி நாம் கேட்கவில்லை. நாம் கேட்பதற்கு மாளிகையும் வேண்டாம், மாபெரும் இயந்திரமும் வேண்டாம். நீரிழிவுக் கிளினிக்கிலே கால் பார்க்கும் தாதி, அதே கண்ணால் உள்ளங்காலின் கரும்படையையும் பார்க்கலாமே! வாய்க்குள் பார்க்கும் வைத்தியர், உதட்டையும் தழும்பையும் பார்க்கலாமே! இதற்குச் செலவு ஒரு கேள்வி, ஒரு பார்வை.

ஆகவே நாம் கோருவன இவை. எமது தோலின் படங்களோடு, எளிய தமிழிலே, அறிவுறுத்தல் ஒன்று ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் பாடசாலையிலும் கமநல நிலையத்திலும் வைக்கப்படவேண்டும். ஒரு மாதத்தில் ஆறாத புண்ணிலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதித்து, முடிவை நோயாளியின் மொழியிலே கொடுக்கவேண்டும். போரிலும் தீயிலும் தழும்பு பெற்றோருக்கு ஆண்டுக்கொரு தடவை பரிசோதனை வேண்டும். கருநிறமற்ற பிள்ளைகளுக்குத் தொப்பியும் கண்ணாடியும் வெய்யிற் களிம்பும் இலவசமாக வேண்டும். வெட்டவெளித் தொழிலாளருக்கு நண்பகலில் நிழலும் ஓய்வும் சட்டத்தால் உறுதிசெய்யப்பட வேண்டும்.

அரசாங்கம் விழிக்கும்வரை நாம் உறங்கலாகாது. மாதத்துக்கு ஒரு நாள், குளித்த பின், கணவன் காலை மனைவியும் மனைவி காலைக் கணவனும் விளக்கு வெளிச்சத்திலே பார்க்கட்டும். பெருகும் கரும்படை, அகலும் நகக்கோடு, நகத்தின் அடித்தோலுக்குப் பரவும் கருமை, இரத்தம் கசியும் மறு, ஒரு மாதம் ஆறாத புண், பழைய தழும்பிலே புதிதாய் எழும் கட்டி ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சவர அலகைத் தொடாதீர்கள். பத்துப் போட்டுக் காலம் போக்காதீர்கள். பரிகாரியார்மாரை நாம் கைகூப்பிக் கேட்கின்றோம்: ஆறாத புண்ணை வைத்தியசாலைக்கு அனுப்புவது உங்கள் கைராசிக்கு இழுக்கன்று, அதுவே உங்கள் கைராசி. இடுப்புக் கட்டைத் தளர்த்தி, நாள்தோறும் சற்றே இடம் மாற்றிக் கட்டுங்கள். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே இயன்றவரை நிழலை நாடுங்கள். இயலாதபோது பனையோலைத் தொப்பியும் நீளக்கைச் சட்டையும் துணை.

பாலையூற்று என்னும் எமது ஊரின் பெயரிலே பாலையும் இருக்கின்றது, ஊற்றும் இருக்கின்றது. வெய்யிலில் வந்தவனுக்கு நிழலும் நீரும் வேண்டும் என்று அறிந்த முன்னோர் இட்ட பெயர் போலும் அது. அந்த நிழலை உழைப்பவனுக்கு உரிமையாக்குவதே இன்றைய அரசியல். கறுத்த தோலுக்குக் காப்புறுதி எழுதிக் கொடுத்தவர் எவருமில்லை, தமிழ் மக்களே! அதனை எழுதவேண்டியவர் ஆட்சியாளர்; எழுத வைக்கவேண்டியவர் நாம். அடுத்த தடவை வாக்குக் கேட்டு ஒருவர் உங்கள் படலைக்கு வருவார். அவரிடம் வீதி கேளுங்கள், குளம் கேளுங்கள். கூடவே இதனையும் கேளுங்கள். அதற்கு முன்பு, இன்று மாலையே, உங்கள் உள்ளங்காலை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.